நல் என்றால் பூஜ்யமா?

கேள்வி: ஜாவா நிரல்மொழி படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. நல் (null) என்றால் காலி என்று புரிந்துவைத்திருந்தேன். ஆனால் காலிச் சரத்திடம் (எழுத்தே இல்லாத ஸ்ட்ரிங்) நீளம் கேட்டால் 0 என்கிறது, நல்லிடம் கேட்டால் நிரலே நின்றுவிடுகிறது. இரண்டும் காலிதானே, ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: தமிழில் எழுதினால் ஏதோ நல்ல சேதி போலத் தெரியும் இந்த நல், காலி கிடையாது. காலிச் சரம் நிஜமான ஒரு பொருள், நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே எழுத்து இல்லை, அவ்வளவுதான். நீளம் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. நல் என்றால் ஆளே இல்லை. ஜாவாவில் ஸ்ட்ரிங் மாறி எழுத்துகளைத் தன்னிடம் வைத்திருப்பதில்லை, அவை எங்கே இருக்கின்றன என்ற சுட்டைத்தான் வைத்திருக்கிறது. அந்தச் சுட்டு எதையும் சுட்டாத நிலைக்குப் பெயர்தான் நல். உறைக்குள் கடிதம் இல்லாதது வேறு, உறையே வராதது வேறு.

பூஜ்யமும் இல்லை. வெறும் எண்ணை வைக்கும் இன்ட் (int) மாறியில் 0 வைக்கலாம், நல் வைக்கக் கம்பைலர் (நிரலை மொழிபெயர்க்கும் மென்பொருள்) விடாது. அதே எண்ணை ஒரு பொருளாகச் சுற்றிவைக்கும் இன்டீஜரில் (Integer) வைக்கலாம், ஆனால் அதை அப்புறம் ஓர் இன்ட்டில் போடும்போது நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து விழும். அந்த வரியில் மெத்தட் (பொருளிடம் வேலை சொல்லும் கட்டளை) எதையும் நாம் அழைத்தே இருக்க மாட்டோம், அதனால் பிழை அங்கே இருக்கும் என்று தோன்றாது. நான் இதில் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

நல்லைக் கொண்டுவந்தவர் கணினி விஞ்ஞானி டோனி ஹோர். 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியை வடிவமைக்கும்போது, செய்வதற்குச் சுலபமாக இருக்கிறதே என்று சேர்த்துவிட்டார். 2009-இல் லண்டனில் பேசும்போது அவரே அதைத் தன் பில்லியன் டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

கேள்வி: தரவுத்தளத்தில் தேடும் மொழியான எஸ்க்யூஎல்லில் (SQL) தொலைபேசி எண் நல்லாக இருக்கும் வரிசைகளை, சமக்குறி போட்டுத் தேடினேன். ஒன்றுகூட வரவில்லை. தரவோ இருக்கிறது!

பதில்: இது வேறு நல். இங்கே அதற்கு 'தெரியாது' என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். இருவரின் எண்ணும் நமக்குத் தெரியாது என்றால், இரண்டும் ஒரே எண்ணா? ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய் இரண்டோடு 'தெரியாது' என்று மூன்றாவது விடையும் உண்டு, வரிசைகளை வடிகட்டும் வேர் (WHERE) நிபந்தனையோ உண்மை என்று வந்த வரிசையை மட்டும்தான் உள்ளே விடும். சமக்குறிக்குப் பதில் இஸ் நல் (IS NULL) என்று எழுதுங்கள், வந்துவிடும்.

இதைவிட மோசமான பொறி, ஒரு பட்டியலில் இல்லாதவற்றைக் கொடு என்று கேட்கும் நாட் இன் (NOT IN). அதன் பட்டியலில் ஒரே ஒரு நல் நுழைந்துவிட்டால் போதும், ஒரு வரிசையும் வராது, பிழைச் செய்தியும் வராது, முடிவு நிஜமாகவே காலி என்று நம்பிவிடுவோம். அதற்குப் பதில் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், முதல் கேள்வி கேட்டவர் ஆரக்கிள் தரவுத்தளத்தின் பக்கம் போனால் கவனம்: அங்கே காலிச் சரத்தையே நல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஜாவாவிலிருந்து கோட்லின் (Kotlin) மொழிக்கு மாறினால் இந்தத் தலைவலி தீருமா?

பதில்: பெரும்பாலும் தீரும். அங்கே சாதாரண ஸ்ட்ரிங் வகையில் நல் நுழையவே முடியாது, வேண்டுமென்றால் வகைக்குப் பின்னால் கேள்விக்குறி போட வேண்டும், போட்டால் சோதிக்காமல் அதைத் தொடக் கம்பைலர் விடாது. ஆனால் ஜாவா நூலகத்திலிருந்து வரும் மதிப்பு நல்லாக இருக்குமா இருக்காதா என்பது பல நேரம் கோட்லினுக்கே தெரியாது, உங்கள் பொறுப்பு என்று விட்டுவிடும். அந்த எல்லையில் மட்டும் பழைய இஃப் சோதனையை எடுத்துவிடாதீர்கள்.