விவாகரத்து மனுவில் எழுதிவிட்டால் வங்கி உங்களை விட்டுவிடுமா?

நீளமாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. மாமியார் பேசியது, நகை போனது, கணவர் புது வண்டி வாங்கியது எல்லாம் படித்தேன். வருத்தம்தான், ஆனால் கடன் விஷயத்தில் அதற்கு மதிப்பில்லை. எனக்கு வேண்டியது கடைசியில் வந்த இரண்டு வரி: வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்து, பிரிந்தபின் தவணை தவறியதால் வங்கி தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டியபோதும் இருவரும் கையெழுத்து, இப்போது பரஸ்பர சம்மத மனுவில் 'மீதிக் கடன் முழுவதும் கணவரே கட்டுவார்' என்று எழுதப் போகிறீர்கள். நீங்கள் விடுபடுவீர்களா?

மாட்டீர்கள். அது உங்கள் இருவருக்குள் பேசிக்கொண்டது, வங்கி அதில் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 43-இன்படி சேர்ந்து வாங்கிய கடனை யாராவது ஒருவரிடமே முழுசாகக் கேட்கலாம். கட்டிவிட்டு அவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டுதான், ஆனால் வங்கிக்கே கட்டாதவர் உங்களுக்குத் தருவாரா?

என்னிடம் வந்த ஒரு பெண் இப்படித்தான் எழுதி வாங்கிக்கொண்டு நிம்மதியாக வேறு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கணவர் சில மாதம் கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். 90 நாள் நிலுவை ஆனதும் கணக்கு வாராக்கடன் ஆனது, சர்ஃபேசி சட்டத்தின் (அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழிதரும் சட்டம்) 60 நாள் நோட்டீஸ் பழைய விலாசத்துக்கே போனது, அதைக் கையெழுத்திட்டு வாங்கியதும் அதே மனிதர். இந்தம்மாவுக்குத் தெரிந்தது சொந்தமாக ஒரு கடன் கேட்டு, வங்கி சிபிலை (கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் பதிவு) பார்த்து மறுத்தபோதுதான். தீர்ப்பு நகலை பிளாஸ்டிக் கவரில் போட்டு வங்கிக்கு எடுத்துப் போனார்; மேலாளர் கவரைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். நீட்டித்துக் கொடுத்த கடனில் மறுபடி தவறினால் சலுகை போய் மொத்தமும் ஒரேயடியாகக் கேட்கலாம் என்று பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும், உங்களுடையதையும் எடுத்துப் படியுங்கள்.

இன்னொன்று, உங்கள் கணவர் தனியாகப் போய் வங்கியோடு சமரசம் பேசி 'என்னை விடுவித்துவிட்டார்கள்' என்று கடிதம் காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 44-இன்படி ஒருவரை விடுவித்தால் மற்றவர் விடுபடுவதில்லை. கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடுங்கள். உங்கள் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. விற்க மாட்டேன் என்று அவர் சொன்னால், தன் வருமானத்தைக் காட்டி உங்கள் பெயரை நீக்கி வங்கியிடம் எழுத்தில் வாங்கித் தரட்டும். பரஸ்பர சம்மதத்தில் இரண்டாம் முறை நீதிமன்றத்தில் நின்று சொல்லும் வரை உங்கள் சம்மதத்தை நீங்கள் திரும்பப் பெறலாம், கையில் பிடி இருப்பது அதுவரைதான். அந்தத் தேதிக்கு முன்னால் வங்கிக் கடிதம் வரவேண்டும் என்று உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

அதுவரை தவணைப் பணத்தை அவர் கையில் கொடுக்காமல் நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள். அப்புறம், புது விலாசத்தை இன்றே வங்கிக்கு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.