பஞ்சாங்கம் முதலில், ட்ரெண்ட்ஸ் அப்புறம்

மக்கள் அடுத்து எதைத் தேடுவார்கள், அதை முன்கூட்டியே பிடித்து வலைப்பதிவுக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ட்ரெண்டிங்கில் இருப்பதைப் பார்த்து உடனே எழுதுகிறேன். ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லையே?

அது உங்கள் கண்ணில் படும்போதே பந்தி முடிந்து இலையும் எடுத்தாகிவிட்டது. செய்தித் தளங்களில் இதற்கென்றே ஆள் போட்டிருக்கிறார்கள். தேதி முன்பே தெரிந்த விஷயங்களைப் பிடியுங்கள். 2025 செப்டம்பர் 7 இரவு சந்திர கிரகணம் வந்ததே, அது பல வருடங்களுக்கு முன்பே கணித்து வைத்தது. தொடங்கும் நேரத்தை எல்லோரும் எழுதுவார்கள். வீட்டில் கேட்பது வேறு: கோயில் நடை எப்போது சாத்துவார்கள், மிச்சச் சாப்பாட்டை என்ன செய்வது, கர்ப்பிணி வெளியே வரலாமா? இவற்றை மூன்று வாரம் முன்பே எழுதிவிடுங்கள். கூகுள் உங்கள் பதிவைக் கண்டெடுத்துத் தேடலில் சேர்த்துக்கொள்ளவும் அவகாசம் வேண்டும். எனக்கு முதல் கருவி சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்தான்.

ஒரு சொல்லை எப்போது எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் 100 என்று வந்தால் நூறு பேர் தேடினார்கள் என்று அர்த்தமா?

இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்திலும் இடத்திலும் தேடல் உச்சத்தில் இருந்த புள்ளிதான் 100. மற்றதெல்லாம் அதற்கு ஒப்பீடு. யாருமே பெரிதாகத் தேடாத சொல்லுக்கும் 100 வரும், ஏமாந்துவிடாதீர்கள். ஐந்து வருடக் கணக்கை வைத்து, வரைபடக் கோடு எந்த வாரம் ஏறத் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த வாரத்துக்கு முன்னால் பதிவு தயாராக இருக்க வேண்டும்.

வருடா வருடம் புதுப் பதிவு போடலாமா சார்?

சார் இல்லை, அக்கா! பழைய பதிவையே, அதன் இணைய முகவரி மாறாமல் திருத்துங்கள். முகவரியில் வருடத்தைப் போடாதீர்கள். ஆனால் நிஜமாகவே திருத்த வேண்டும். பொங்கல் ரயில் டிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு முன்பெல்லாம் பயண நாளுக்கு 120 நாள் முன்பே தொடங்கியது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆகிவிட்டது. செப்டம்பரில் எழுந்த தேடல் இப்போது நவம்பர் நடுவில் எழும். தேதியை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே 120 என்றே விட்டால், வந்தவர் திட்டிவிட்டுப் போவார்.

தமிழில் எழுதினால் தேடலில் வருமா?

வரும். ஆனால் நம்மவர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். தேடல் பெட்டியில் இரண்டு விதமாகவும் பாதி தட்டி, கூகுள் என்ன முடித்துக் காட்டுகிறது என்று பாருங்கள். தலைப்புக்கான சொல் அங்கேயே கிடைக்கும்.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று எழுதினால் கூட்டம் வருமா?

அன்று எல்லோருக்கும் வேண்டியது அரசுத் தளத்தின் இணைப்பு மட்டும். உங்களிடம் எதற்கு வரப்போகிறார்கள்? மறுநாள்தான் விடைத்தாள் நகலுக்கு எப்படி விண்ணப்பிப்பது, மறுகூட்டலா மறுமதிப்பீடா என்ற குழப்பமெல்லாம் தொடங்கும். அதை இப்போதே எழுதத் தொடங்குங்கள்.