வீட்டு ஜெபமும் ஞானோபதேசமும்: ஓய்வுநாள் பள்ளி டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு ஐந்து வயது. குடும்ப ஜெபத்தில் பத்து நிமிடம் ஆனாலே பாயில் உருள ஆரம்பித்துவிடுகிறான். அதட்டலாமா?

பதில்: பத்து நிமிடம் உட்கார்ந்தானா? கெட்டிக்காரன். அவனை விடுங்கள் தம்பி, ஜெபத்தைச் சுருக்குங்கள். நம் லுத்தரன் சபைக்கு வழிகாட்டிய சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம், அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் சிறு புத்தகம், குடும்பத் தலைவன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே எழுதியது. காலையில் அவர் கேட்பது என்ன? சிலுவை அடையாளம், விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், வேண்டுமானால் ஒரு குட்டி ஜெபம். அப்புறம் பாடிக்கொண்டே வேலைக்குப் போ என்கிறார். இரவில் ஜெபித்ததும் சந்தோஷமாகத் தூங்கிவிடு, அவ்வளவுதான். நம் வீடுகளில்தான் துபாய் சித்தப்பா வரைக்கும் பெயர் பெயராகச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆகிறது.

கேள்வி: ‘கொலை செய்யாதிருப்பாயாக’ நம் ஞானோபதேசத்தில் ஐந்தாம் கற்பனை (கட்டளை). பள்ளி வேதபாடத் தேர்வில் மகள் அப்படியே எழுதி மார்க் போய்விட்டது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. வேதத்தில் பத்துக் கற்பனைகள் வரும் யாத்திராகமம் 20-ல் அவற்றுக்கு எண் போடவில்லை. லுத்தரன் சபையாராகிய நாமும் கத்தோலிக்கரும் விக்கிரகம் கூடாது என்ற வசனத்தை முதல் கற்பனையிலேயே அடக்கி, பிறனுடையதை இச்சிக்காதே என்பதை 9, 10 என்று பிரிக்கிறோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் விக்கிரகத்தை இரண்டாவதாக வைத்து, இச்சிப்பதை ஒன்றாக்குகிறார்கள். பள்ளியில் பள்ளிக்கணக்குப்படி எழுதட்டும்.

கேள்வி: குழந்தையில் எடுத்தது ஞானஸ்நானமே இல்லை என்கிறார் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் அக்கா. 14 வயது மகள் குழம்புகிறாள்.

பதில்: அக்காவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மகளிடம் பேசுங்கள். ஞானஸ்நானம் நாம் தேவனுக்குக் கொடுக்கும் வாக்கு அல்ல, அவர் நமக்குக் கொடுப்பது. அப்போஸ்தலர் 2:39-ஐ அவளையே வாசிக்கச் சொல்லுங்கள்; ‘உங்கள் பிள்ளைகளுக்கும்’ என்று இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பையன், “எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லையே டீச்சர்” என்றான். “பிறந்தது ஞாபகமிருக்கிறதா? ரேஷன் கார்டில் பேர் இருக்கிறதே!” என்றேன். சிரித்துவிட்டான். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனைக்கான வகுப்புக்கு அனுப்புங்கள். திடப்படுத்தல் நாளன்று சபை முன்னால் தன் வாயாலேயே அறிக்கை செய்வாள்.

கேள்வி: பிள்ளைகள் ஞானோபதேசத்தைப் புரியாமல் ஒப்பிப்பதில் என்ன பயன்?

பதில்: ஒவ்வொரு கற்பனைக்கும் கீழே ‘இதற்கு அர்த்தமென்ன?’ என்ற கேள்வி இருக்கிறதே, அதை நீங்கள் கேளுங்கள். சோறு பிசையும்போது கேட்டாலும் போதும். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் தமிழில் கொண்டுவந்ததும் இதே ஞானோபதேசம்தான். லுத்தரே தினமும் காலையில் பிள்ளையைப் போல இதை ஒப்பித்ததாகப் பெரிய ஞானோபதேசத்தில் எழுதியிருக்கிறார். உங்களுக்கு எட்டாம் கற்பனையின் அர்த்தம் பார்க்காமல் வருமா?