போக்கர் மேசைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஐயா, நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் நஞ்சை. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டதில் 2 லட்சத்து 30 ஆயிரம் கணக்கில் ஏறியிருக்கிறது. பி.இ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் என் மகன் நாலு மாதமாக ஆன்லைனில் போக்கர் என்ற பணச் சீட்டாட்டம் ஆடுகிறான். 40 ஆயிரம் ஜெயித்திருக்கிறானாம். “இது திறமை விளையாட்டு என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. நெல் பணத்தை முதலீடாகக் கொடுங்கள், அம்மா சங்கிலியை வைத்து இன்னும் ஒரு லட்சம் வாங்கலாம்” என்கிறான். என் வீட்டுக்காரரோ, “ஊதிப் பெருத்து உடையப்போகிற குமிழி இது” என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: சங்கிலியைக் கழற்ற வேண்டாம் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம்.

தம்பி சொல்லும் தீர்ப்பு உண்மைதான். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், மாநிலச் சட்டத்தில் இவற்றுக்குப் போட்ட தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு புதுச் சட்டம் நிறைவேற்றியது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே அதில் கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதையும் நடத்தக் கூடாது. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. நம் நாட்டுப் பெரிய ஆப்கள் எல்லாம் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அப்படியானால் தம்பி எங்கே ஆடுகிறார்? அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்திருங்கள்.

திறமை தேவை என்றே ஒப்புக்கொள்வோம். அதனால் அது முதலீடு ஆகிவிடுமா? நீங்கள் ஏக்கருக்கு விதைக்கும் நெல் பல மடங்காகத் திரும்பி வருகிறது. இடையில் மண்ணும் தண்ணீரும் வெயிலும் வேலை செய்திருக்கின்றன. போக்கர் மேசையில் எதுவும் விளைவதில்லை. ஆறு பேர் ஆளுக்கு 5 ஆயிரம் போட்டு உட்கார்ந்தால் மேசையில் 30 ஆயிரம். விடிய விடிய ஆடினாலும் அது 30 ஆயிரத்துக்கு மேல் போகாது. குறையத்தான் செய்யும், ஏனென்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடத்துகிறவர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். ‘ரேக்’ என்பார்கள், 5 சதவீதம் அளவில் இருப்பது வழக்கம். ஒரு கணக்குக்காக, ஆட்டத்துக்குச் சராசரியாக 400 ரூபாய் நடுவில் சேர்கிறது, மணிக்கு 70 ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு 20 ரூபாய், மணிக்கு 1,400. இருபத்திரண்டு மணி நேரத்துக்குள் அந்த 30 ஆயிரமும் நடத்துகிறவர் கைக்குப் போய்விடும். மேட்டூரைத் திறக்காமலே வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சுவது மாதிரிதான். புதிதாக யாராவது வந்து தோற்றால்தான் தண்ணீர். தலைமடையில் இருக்கும் கெட்டிக்காரன் நனைவான், கடைமடைக்காரன் காய்வான். தான் எந்த மடையில் இருக்கிறோம் என்று தம்பிக்கு இன்னும் தெரியாது.

நாலு மாத லாபத்தை வைத்து அதைச் சொல்ல முடியாதா என்றால், முடியாது. தினம் இரண்டு மணி நேரம் ஆடியிருந்தால் 17 ஆயிரம் ஆட்டம் போல வரும். பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் போக்கரில் நல்ல சீட்டு விழும் ஓட்டமும் விழாத ஓட்டமும் அதைவிட நீளமாகப் போகும். ஒரு குறுவை நன்றாக விளைந்ததை வைத்து நிலத்துக்கு விலை சொல்கிறோமா என்ன?

(நம் ஊரில் சீட்டு என்றாலே இரண்டு அர்த்தம். ஏலச்சீட்டில் பணம் போகும் என்று பயப்படுகிற வீட்டில்கூட, போனில் ஆடும் சீட்டுக்கு அந்தப் பயம் வருவதில்லை.)

குமிழி விஷயத்துக்கு வருகிறேன். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் ஆன்லைனில் சொற்பப் பணம் கட்டித் தகுதி பெற்று, உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். பெயரே அப்படி அமைந்துவிட்டது, கேட்க வேண்டுமா! கூட்டம் அள்ளியது. 2005இல் பார்ட்டிகேமிங் என்ற போக்கர் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா சட்டத்தை இறுக்கியதும் அதன் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய தளங்களை முடக்கியது. அதில் ஃபுல் டில்ட் என்ற தளம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் வைத்திருந்தது 6 கோடி. ஜெயித்தவர்களும் பணத்துக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

ஆக உங்கள் வீட்டுக்காரர் சொன்னது அந்த நிறுவனங்களின் பங்குகளுக்குப் பொருந்தும். விளையாட்டு என்னவோ இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. “சரி, ஆடவில்லை, பங்கு வாங்குகிறேன்” என்று தம்பி அடுத்து கிளம்பலாம். கோவாவில் சூதாட்ட விடுதிகளும் போக்கர் தளமும் வைத்திருந்த டெல்டா கார்ப் என்ற கம்பெனி இருக்கிறது. பெயரைப் பார்த்து நம் டெல்டா என்று நினைத்துவிடாதீர்கள். கட்டும் பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி என்று 2023 ஜூலையில் அறிவித்த மறுநாளே அந்தப் பங்கின் விலை 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

இப்போது ஓரமாக வைத்த கேள்வி. தம்பி ஆடுவது வெளிநாட்டு ஆப்பாகவோ, வாட்ஸ்அப் ஏஜென்ட் வழியாகப் பணம் போட்டு எடுக்கும் ஆப்பாகவோதான் இருக்கும். எனக்கு உண்மையான பயம் இங்கேதான். ஏஜென்ட் யுபிஐயில் அனுப்பும் பணம் யாரோ ஏமாந்தவருடையதாக இருந்து, அவர் சைபர் கிரைமில் புகார் கொடுத்தால், பணம் வந்து சேர்ந்த கணக்குகளை வரிசையாக முடக்குவார்கள். நெல் பணம் ஏறும் அதே கணக்கில் அந்தப் பணமும் வந்திருந்தால், நடவுக்கூலி கொடுக்கிற நேரத்தில் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் நீங்கள்தான் அலைய வேண்டும். அந்தக் கணக்கு எண்ணைத் தம்பி எங்காவது கொடுத்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். இன்னொன்று, நெல் வருமானத்துக்கு வருமான வரி இல்லை. இந்த வெற்றிப் பணத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்.

உங்கள் 2 லட்சத்து 30 ஆயிரத்தில், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, இதைவிட நல்ல வருமானம் வேறு எதிலும் கிடைக்காது. அடுத்த சாகுபடிச் செலவைச் சேமிப்புக் கணக்கில் விடுங்கள். மீதியைத் தபால் நிலையத்தில் ஒரு வருட வைப்பில் போடுங்கள்.

அந்த 40 ஆயிரத்தைப் பற்றித் தம்பியிடம் சண்டை போடாமல் ஒன்று கேளுங்கள்: கையில் இருக்கிறதா, ஆப்பில் தெரிகிற எண்ணா? ஆப்பில் இருந்தால் முழுவதையும் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மனம் வராமல் தவித்தாலோ, ராத்திரி தூங்காமல் ஆடினாலோ, 14416க்கு ஒரு போன் போடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.