கொல்லைப்புறத்து விருந்தாளிங்க: இந்த மாச கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல முக்காவாசி, டவுன விட்டுட்டு கிராமத்துல புதுசா வீடும் தோட்டமுமா குடி போனவங்க கேட்டது. மொதல் கோடை பாருங்க, எது வந்தாலும் அதிசயம், இல்லன்னா பயம். ஒவ்வொண்ணா பாப்போம்.

அக்கா, ரிட்டயர் ஆகி சென்னைல இருந்து தென்காசி பக்கம் ஒரு கிராமத்துல 25 சென்ட்ல வீடு வாங்கி பிப்ரவரில வந்தோம். துணி காயப்போடுற கம்பியோட ஓரத்துல ஒட்டடை மாதிரி என்னமோ தொங்குச்சு, தொடப்பத்தால தட்டி விடப் போனேன், உள்ள இருந்து ஒரு குட்டி மூக்கு எட்டிப் பாக்குது! வயிறு மஞ்சளா இருக்கு. இப்ப நான் என்ன பண்ணணும்? சர்க்கரைத் தண்ணி கலந்து வைக்கலாமா? – தென்காசி பக்கத்து வாசகி

தொடப்பத்த கீழ போட்டீங்களே, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. அது தேன்சிட்டு. வீட்டு வாசல், கொடிக்கம்பி, கேபிள் வயருன்னு தைரியமா வந்து கட்டுறது பெரும்பாலும் ஊதாப்பிட்டு தேன்சிட்டுதான். ரெண்டு மூணு அடி தள்ளி நின்னு அந்தக் கூட்ட நிதானமா பாருங்க. சிலந்தி வலை நூல எடுத்து அதுல காஞ்ச இலை, மரப்பட்டைத் துணுக்கு, நாருன்னு கெடச்சதெல்லாம் ஒட்ட வச்சிருக்கும், தூரத்துல இருந்து பாத்தா குப்பை, கிட்டத்துல பாத்தா வாசலுக்கு மேல சின்னதா ஒரு சன்ஷேடு கூட இருக்கும், உள்ள பஞ்சு மெத்தை வேற. கட்டுற வேலை எல்லாம் அம்மாவோடது. ஐயா பளபளன்னு ஊதா சட்டைய மாட்டிக்கிட்டு பக்கத்துக் கெளைல உக்காந்து பாட்டு பாடிட்டு இருப்பாரு, குஞ்சு பொரிச்சப்புறம் தீனி குடுக்க மட்டும் ஒழுங்கா வந்துருவாரு. (எங்க வீட்ல இத நான் சத்தமா படிச்சுக் காட்டல.)

வழக்கமா ரெண்டு முட்டை, குஞ்சு வெளிய வர ரெண்டு வாரம், அது பறக்க இன்னொரு ரெண்டு வாரத்துக்கு மேல. அதனால ஒரு மாசம் போல துணிய வேற எடத்துல காயப் போடுங்க. தினமும் போனை கூட்டு வாசல்ல நீட்டி வீடியோ எடுக்காதீங்க, நீங்க எங்க அடிக்கடி போயி நிக்கிறீங்கன்னு காக்கா ஒண்ணு கவனிச்சுக்கிட்டே இருக்கும்.

சர்க்கரைத் தண்ணி வேணாம். குஞ்சுக்கு அது ஊட்டுறது தேன விட சின்னப் பூச்சியும் சிலந்தியும்தான், அதனால நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி மருந்து அடிக்காம இருக்குறது. செம்பருத்தி, இட்லிப்பூ, ஓரமா ரெண்டு வாழை, இது போதும், தேன் தானா கெடைக்கும். அப்புறம் தண்ணி. அக்னி நட்சத்திரத்துல எல்லாத்துக்கும் மொத தேவை அதுதான். ஆழமில்லாத மண் சட்டி, ரெண்டு இஞ்ச் தண்ணி, நடுவுல ஒரு கல்லு, தேனீ முழுகாம உக்காந்து குடிக்க. நெழல்ல வைங்க, ஆனா செடிய ஒட்டி வைக்காதீங்க, பூனை பதுங்கி உக்காந்துக்கும். தினமும் கொட்டிட்டு புதுசா ஊத்துங்க, இல்லன்னா கொசுவுக்கு பிரசவ வார்டு நடத்துற மாதிரி ஆயிரும். மத்தியானம் மூணு மணிக்கு மேல தவிட்டுக்குருவிங்க ஏழெட்டு கூட்டமா வந்து ஒரே சட்டில விழுந்து குளிக்கும் பாருங்க, பாதித் தண்ணி வெளிய, சத்தம் நாலு வீட்டுக்கு.

கெணத்து மேட்டுல ஆறடிக்கு மேல ஒரு பாம்பு போச்சு. பக்கத்து வீட்டு பெரியவர் "அது சாரை, விட்டுரு"ன்னு சொல்றாரு, இன்னொருத்தரு சாரை இருந்தா நல்லபாம்பும் கூடவே வரும், ரெண்டும் ஜோடிங்கிறாரு. வீட்டுக்காரி ராத்திரி தூங்க மாட்டேங்குறா. பூண்டு, பினாயில் எல்லாம் தெளிச்சாச்சு. – திண்டுக்கல் பக்கத்து வாசகர்

மொதல்ல அந்த ஜோடிக் கதைய தூக்கிப் போடுங்க. சாரைக்கு சாரைதான் ஜோடி, நல்லபாம்புக்கு நல்லபாம்புதான். ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு எந்திரிச்சு ஆடுறத பாத்துட்டு ஊரே வேட்டிய விரிச்சுப் போடும்ல, அது கூட பெரும்பாலும் ரெண்டு ஆம்பள சாரைங்க போடுற மல்யுத்தம், யாரு யார கீழ அமுக்குறதுன்னு. சாரைக்கு வெஷம் கெடையாது, எலிக்கு எமன். பெரியவர் சொன்னத கேளுங்க.

ஆனா கண்ணால சரியா பாக்காம எல்லாத்தையும் சாரைன்னு நெனச்சுக்கவும் கூடாது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலும் நம்ம பக்கம் இருக்கு. பூண்டு பினாயிலுக்கெல்லாம் பாம்பு ஓடாது, காசுதான் ஓடும். பாம்பு வர்றது எலிக்கு, எலி வர்றது சிந்துன கோழித்தீவனத்துக்கும் அடுக்கி வச்ச வெறகுக்கும். அதனால வீட்ட சுத்தி பத்தடி சுத்தமா, செங்கல் குவியல் இல்லாம வைங்க. இலைக்குப்பை, புதர் எல்லாத்தையும் தோட்டத்துக் கடைசி மூலைக்கு தள்ளி அங்க மட்டும் அப்பிடியே விடுங்க, தீ வைக்காதீங்க. நான் மொத வருஷம் மொத்தத்தையும் கூட்டிப் பெருக்கி கொளுத்துனேன், தோட்டம் கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு, அந்தக் கோடைல ஒரு செம்போத்து கூட எட்டிப் பாக்கல.

ராத்திரி வெளிய போனா டார்ச்சும் செருப்பும் இல்லாம போகாதீங்க. தரைல படுக்குறவங்க கொசுவலைய பாய்க்கு அடில சொருகிக்கோங்க, கட்டுவிரியன் ராத்திரி தூங்குறப்ப வந்து கடிக்கும், கடிச்சதே சில பேருக்கு தெரியாது. வீட்டுக்குள்ள பாம்பு வந்தா கம்பெடுக்காம தீயணைப்பு நிலையத்துக்கு போன் போடுங்க, வந்து புடிச்சுட்டுப் போவாங்க. யாரையாவது கடிச்சிருச்சுன்னா இறுக்கிக் கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது எதுவும் வேணாம், ஆளை அசைய விடாம 108க்கு கூப்புட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரி.

புதுசா வச்ச கருவேப்பிலை கன்னுல பச்சை பச்சையா புழு, மூணு நாள்ல பாதி இலை காலி. தொட்டா செவப்பா கொம்பு நீட்டி ஒரு கெட்ட வாடை வேற விடுது. என்ன மருந்து அடிக்கலாம்? – மன்னார்குடி வாசகி

கோவப்படாதீங்க, அது புழு இல்ல, வரப்போற பட்டாம்பூச்சி. சின்ன வயசுல பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா இலை மேல கெடக்கும், அதனாலதான் அப்ப உங்க கண்ணுல படல, காக்கா குருவிக்கும் படக்கூடாதுன்னுதான் அந்த வேஷமே. கடைசில பச்சைக்கு மாறும். நீங்க பாத்த கொம்பு, வாடை எல்லாம் எறும்பு, குளவிய வெரட்ட.

ரசத்துக்கு நாலு இலை இல்லாம போயிருமேன்னு கவலை எனக்கும் உண்டு. பெரிய மரம்னா கண்டுக்காம விடுங்க, திரும்ப துளுத்துரும். கன்னுன்னா இலையோட கிள்ளி எலுமிச்சைக்கோ நார்த்தங்காய்க்கோ மாத்தி விடுங்க, அதையும் தின்னும். ஒரே ஒரு புழுவ மட்டும் கண்ணுல வச்சுக்கிட்டே இருங்க. ஒரு நாள் தின்னுறத நிறுத்திட்டு குச்சில சாஞ்சாப்ல இடுப்புல ஒரு நூல கட்டிக்கிட்டு தொங்கும், தென்னை மரம் ஏறுறவர் மாதிரியே. கூட்டுப்புழுவாகி ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு காலைல பாத்தா ஈரச் செறகோட உக்காந்திருக்கும். அத பாத்துட்டு மருந்து கேட்டீங்கன்னா அப்ப சொல்றேன்.

மயில் கூட்டமா வந்து நாத்தங்கால், மொளகா கன்னு எல்லாத்தையும் கொத்திருது. பாக்க அழகா இருக்கு, ஆனா வயித்தெரிச்சல். – தாராபுரம் வாசகர்

உங்க வயித்தெரிச்சல் நியாயமானது, ஃபோட்டோ போடுறவங்களுக்கு அது புரியாது. ஆனா மயில் தேசியப் பறவை, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, வெஷம் வச்சா ஜெயில்தான். நாத்தங்காலுக்கு மேல நாலு குச்சி நட்டு வலைய இறுக்கமா இழுத்துக் கட்டுங்க, தொளதொளன்னு விட்டா பாம்பும் ஓணானும் மாட்டிக்கும். கன்னு முழங்கால் உயரம் வந்தப்புறம் தொந்தரவு கொறஞ்சுரும்.

மொட்டை மாடில தெனமும் ஒரே எடத்துல கொட்டை கொட்டையா எச்சம். பேயா? – பேர் போட வேண்டாம்னு ஒரு வாசகர்

மரநாய். ராத்திரி வந்து உங்க சப்போட்டாவ தின்னுட்டு கணக்கு ஒப்படைச்சுட்டுப் போகுது. அந்தக் கொட்டைங்கள எடுத்து மண்ணுல போட்டுப் பாருங்க, மொளைக்கும்.

விடியக்காலம் நாலரைக்கே குயில் ஆரம்பிச்சுருது. பாவம் அந்தப் பொம்பளக் குயிலுக்கு என்ன ஏக்கமோ? – கும்பகோணம் வாசகி

பாடுறது ஆம்பள அம்மா. கருகருன்னு செவப்புக் கண்ணோட இருக்குமே அவருதான். பொம்பளக் குயில் பழுப்புல வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும், கிக் கிக் கிக்னு கத்தும், நாம அத வேற ஏதோ பறவைன்னு நெனச்சு விட்டுருவோம். ஏக்கம் எல்லாம் இல்ல, திட்டம்தான். காக்கா கூடு கட்டுற சீசன் இது, அங்க முட்டைய வச்சுட்டு வரணும். எங்க வீட்டு வேம்புல போன வாரம் காக்கா ஒண்ணு தன்ன மாதிரியே இல்லாத ஒரு புள்ளி போட்ட குஞ்சுக்கு சோத்துப் பருக்கைய ஊட்டிட்டு இருந்துச்சு. நான் அமாவாசைக்கு வச்ச சோறு.