எஞ்சின் மாற்ற மனைவியின் நகை எதற்கு?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அப்பா வாங்கிய 1968 அம்பாசடர் மார்க் 2 இன்னும் ஓடுகிறது. வருடத்துக்கு 1,200 கிலோமீட்டர் போகும். ஏற்றத்தில் திணறல், லேசான புகை. தை மாதம் அக்கா மகன் கல்யாணம். மதுரை வரை இதில்தான் போகணும், இசுசு எஞ்சினைப் போட்டுரு என்கிறார் அத்தான். 1,80,000 ரூபாய் ஆகும். அவர் கடனாகப் பணம் கேட்டாரென்று மனைவியின் நகையை 2,40,000 ரூபாய்க்கு ஏற்கெனவே அடகு வைத்து, மூன்று வருடமாக வட்டி கட்டித் திருப்பி வைக்கிறேன். தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்குக் கூடுதலாகத் தருவார்களாம். வாங்கலாமா? மாதம் 9,000 மிஞ்சுகிறது.

பதில்: வாங்காதீர்கள். இதுவரை கட்டிய வட்டியைக் கூட்டிப் பார்த்தீர்களா? 10 சதவீதம் என்றே வைத்தாலும் வருடம் 24,000, மூன்று வருடத்தில் 72,000. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இந்தத் 'திருப்பி வைக்கிற' பழக்கம்தான் உங்களை அரிக்கிறது.

அதன்மேல் 1,80,000 ஏற்றினால் வருட வட்டி 42,000. எஞ்சினுக்கு மட்டும் 18,000. அதை 1,200 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். பெட்ரோல் தனி. திருச்செந்தூர் போய்த் திரும்பினால் வட்டியே 1,800 ரூபாய் ஆகிவிடும்! தங்கம் ஏறினால் கடன் கொடுப்பவர்கள் தாங்களே கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தருவார்கள். உங்கள் சம்பளம் ஏறவில்லையே.

வண்டிக்கு வருவோம். உங்கள் 1489 சிசி எஞ்சின் 50 குதிரைத்திறன் பக்கம். 1990-களில் அம்பாசடருக்கு வந்த 1.8 லிட்டர் இசுசு 75 பக்கம். வேகம் கிடைக்கும், சரி, நிறுத்த வேண்டாமா? நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். கியர் பாக்ஸ், மவுண்டிங், ரேடியேட்டர் என்று கை வைக்க வைக்கச் செலவு இழுக்கும். ஆர்டிஓ ஒப்புதல் வாங்கி ஆர்சியில் எஞ்சின் எண்ணை மாற்றாமல் ஓட்டி, ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரருக்கு அந்த ஒரு காரணம் போதும். 2021 விதிப்படி 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே விண்டேஜ் பதிவு. அது வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது, ஆகவே உங்களுக்கு வேண்டாம். ஆனால் பிற்பாடு விற்கும் நிலை வந்தால், வருகிற ஆள் பானட்டைத் திறந்து முதலில் பார்ப்பது பழைய எஞ்சின் இருக்கிறதா என்றுதான். (பழைய கார் நல்ல முதலீடு என்று ரீல்ஸில் பேசுகிறவர்களையும் நம்பாதீர்கள். கொட்டகையில் நிற்கும்போதும் அது செலவுதான்.)

புகைக்கு, ஹெட்டை இறக்கி வால்வு, ரிங் பார்க்கச் சொல்லுங்கள். 36,000-க்குள் முடிந்தால் உங்கள் நாலு மாத மிச்சம், கடன் தேவையில்லை. அதன்பின் 9,000 முழுவதும் நகைக்கு. வட்டியோடு 30 மாதம்போல ஆகும். அடுத்த முறை திருப்பி வைக்கையில் ஒரே அடகுச் சீட்டாக வேண்டாம், மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். சின்னச் சீட்டை முதலில் மீட்டால் வளையலாவது சீக்கிரம் வீட்டுக்கு வரும்.

அத்தானிடம் எஞ்சின் பற்றி வாதாட வேண்டாம். "முந்தி வாங்கினதுல இந்த மாசம் எவ்வளவு தாரீங்க?" என்று அக்கா இருக்கும்போது கேளுங்கள். மாப்பிள்ளையை உள்ளூரில் கூட்டிப்போக இருக்கிற எஞ்சினே தாராளம். மதுரைக்கு வேன் பிடிக்கட்டும். வாடகையை அத்தான் கொடுக்கட்டும்.