பத்துப் பேருக்கும் ஒரே நேரத்தில் நீலம்

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மாமா என் மகனுக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வேற்றுக்கிரகப் போர்வீரர்கள் பத்துப் பேர். சாம்பல் நிறப் பிளாஸ்ரிக், ஆளுக்குச் சின்னவிரல் நீளம்கூட இல்லை. தைப்பொங்கலுக்கு மாமா திரும்பி வரும்போது நிறம் அடித்துக் காட்டவேண்டுமாம். ரியூசனுக்கு இடையில் அவனுக்குக் கிடைப்பது ஒரு சனி, ஞாயிறுதான். பெட்டியில் உள்ளதுபோலப் பச்சை அடிக்க அம்மம்மா விடமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: தங்கச்சி, முதலில் நிறத்தை முடிப்போம். அம்மம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை நான் விளக்கத் தேவையில்லை. இவர்கள் வேறு கிரகத்து ஆக்கள், அங்கே போய்ச் சீருடை பார்த்தவர் யார்? குளக்கட்டுப் பக்கம் கரண்ட் கம்பியில் இருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியைத் தம்பிக்குக் காட்டுங்கள். தலைக்கவசம் கபிலம், நெஞ்சுத் தகடு வெள்ளை, மீதியெல்லாம் நீலம். மூன்று நிறத்தோடு வேலை முடிந்தது. மஞ்சள் கேட்டால் மட்டும் விடாதீர்கள். நாலு பூச்சு பூசினாலும் அடியில் உள்ளது தெரியும்.

இனி வேகம். நான் கிளிநொச்சியில் கடைகளுக்குப் போர்ட் எழுதிப் பிழைக்கிறவன். பத்துப் போர்ட் வந்தால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடமாட்டேன். பத்துக்கும் தளம், பத்துக்கும் சிவப்பு, பிறகு பத்துக்கும் கறுப்பு. பத்தாவதை முடிக்கும்போது முதலாவது காய்ந்திருக்கும். இங்கும் அப்படித்தான். ஐந்து ஐந்து பேராகப் பலகைத் துண்டில் இருபக்க ரேப்பால் நிறுத்திவிட்டால், ஆளைத் தொடாமல் பலகையைத் திருப்பித் திருப்பிப் பூசலாம்.

முதல் பூச்சு மினுங்காத சாம்பல் ஸ்பிரே. மாரி காலம், ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளைப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். மழை விட்டு வெயில் கொஞ்சம் ஏறட்டும். ரின்னை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு முழத்துக்குச் சற்றுக் கிட்ட நின்று, மெல்லிசாக இரண்டு தரம் அடிக்கவேண்டும். பாகங்கள் ஒட்டியிருந்த சட்டத்தை எறிந்துவிடாதீர்கள், எந்த ஸ்பிரேயையும் முதலில் அதில் அடித்துப் பாருங்கள். இது நான் பட்டுப் படித்தது. என் மருமகனின் பொம்மைக்குத் தின்னர் கலந்த பெயின்ற் பூசினேன். பிளாஸ்ரிக் இளகி, மூக்கு வாயோடு ஒட்டிவிட்டது. றெஜிபோமில் தின்னர் ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரியும்தானே? இந்தப் பொம்மைகளும் பெரும்பாலும் அதே பொலிஸ்ரைரீன்தான். ஆகவே தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும்.

நிறங்களைப் பால் பதத்துக்குக் கரைத்துப் பூசுங்கள். நீலம் கோடு தாண்டினாலும் பரவாயில்லை. அது காய்ந்த பிறகு வருவதுதான் பெரிய வேலைக்காரன். கறுப்பும் கபிலமும் கலந்து, பிளேன்டீ பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, ஆள் முழுக்கத் தடவுங்கள். தகட்டு இடுக்குகளுக்குள் அது தானாக ஓடி நிழல் போட்டுக்கொள்ளும். நாடிக்குக் கீழே தேங்கி நிற்பதைக் காய்ந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுக்காவிட்டால் கறை பிடிக்கும். இது ஒரு இரவு காயட்டும்.

ஞாயிறு காலை, வெளிர் நீலத்தைப் பிரஷில் தொட்டு, பழைய சாரத்தில் துடைத்துத் துடைத்து ஒன்றுமே இல்லை என்ற நிலையில் விளிம்புகளை உரசுங்கள். விளிம்பு மட்டும் வெளிச்சம் பிடிக்கும். சப்பாத்தின் அடியையும் முதுகுப் பையின் உள்பக்கத்தையும் விட்டுவிடுங்கள். என் போர்டைப் பஸ்ஸில் போகிறவன்தான் பார்க்கிறான், இவர்களையும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் பார்ப்பார்கள். மிச்சம் பிடித்த நேரத்தைத் தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியில் செலவழியுங்கள். சிவப்பு வைத்து, மேல் மூலையில் ஊசி முனையால் ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டோடு ஆள் திரும்பிப் பார்ப்பான்.

அடித்தட்டுக்குக் கடைப் பொடி வேண்டாம், வளவுச் செம்மண் போதும். தேத்தண்ணி வடியால் அரித்து, சட்டியில் வறுத்து ஈரம் போக்குங்கள். அரிக்காமல் போட்டால் ஒரு மில்லிமீற்றர் குறுணி இந்த ஆளுக்கு அறுபது மில்லிமீற்றர்க் கல். பலகை ஒட்டும் வெள்ளைக் கம்மைத் தடவி, மண்ணில் அமுக்கி எடுத்து, காய்ந்ததும் தண்ணீர் கலந்த கம் இரண்டு சொட்டு விடுங்கள். மண் நனைந்ததுபோல் கறுத்துவிடும். பயப்படாதீர்கள், வெளிர் செங்கல் நிறத்தை அதே சாரத்து முறையில் உரசினால் வெயில் மண் திரும்பி வரும். பனந்தும்பை நறுக்கி இரண்டு இடத்தில் நட்டால் புல். தட்டின் ஓரத்தைக் கறுப்பால் சுற்றி முடியுங்கள். செம்மண்ணில் அந்த நீலம் எப்படி நிற்கிறது என்று அம்மம்மாவையே கேளுங்கள்.

கேள்வி: நான் முல்லைத்தீவுக் கடல் மணல் ஒட்டினேன். ஒரு மாதத்தில் மேலே வெள்ளை பூத்துவிட்டது. பெயின்ற் பிழையா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: உப்பு, தம்பி. ஈரப் பிரஷால் துடைத்து, காயவிட்டு, மேலே மறுபடி பூசுங்கள். அடுத்த முறை மணலை நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசிவிட்டு எடுங்கள்.